கடற்காப்பும் ஊர்ப் பொதுவிடமும்

கடல் கரையை மீறும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. அது காப்பியச் செய்தியென்று ஒதுக்குவாரும், 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவிலே தனுஷ்கோடி அழிந்தமையையும், 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் காலையிலே நாகப்பட்டினம் முதலிய கரையூர்களை ஆழிப்பேரலை சூறையாடியமையையும் ஒதுக்குதல் இயலாது. ஆதலின், கடலினின்றும் ஊரைக் காக்கும் வழி யாது என்னும் வினா நமக்கு ஏட்டளவில் நிற்பதன்று.

ஆயினும், நாம் ஈண்டு ஆராயப் புகுவது அவ்வினாவோடு பிணைந்து நிற்கும் மற்றொரு வினாவாகும். கடலைத் தடுப்பதற்கென்று எழுப்பிய மதிலோ மேடோ உண்மையில் வேலை செய்யும் நாட்கள் மிகச் சில. ஆண்டிற்கு ஓரிரு நாள், அன்றிப் பத்தாண்டுக்கு ஒரு நாள் அதன் வலிமை சோதிக்கப்படுகின்றது. எஞ்சிய நாட்களெல்லாம் அஃது ஊரின் நடுவே வாளா கிடக்கின்றது. கிடக்குங்கால் அது மக்களுக்கும் கடலுக்கும் இடையே ஒரு தடையாய் நிற்குமா, அன்றி மக்கள் கூடி உலாவி மகிழும் இடமாய் விளங்குமா என்பதே நமது வினா. இவ்விரு பயனையும் ஒரே அமைப்பினிடத்துப் பெறலாம் என்பதைப் பல நாட்டினர் செய்து காட்டியுள்ளனர். ஆனால், இரண்டாம் பயனை முதற்பயனுக்குப் பூசிய சாந்துபோற் கருதியவிடத்து இரண்டும் குறைவுற்றன. இரண்டையும் தொடக்கத்திலேயே ஒருங்கு எண்ணியவிடத்து இரண்டும் நிறைவுற்றன. இக்கருத்தைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

கடல் ஊருக்குள் நுழையும் வகை

காப்பை அமைக்குமுன் பகையின் இயல்பை அறிதல் முறையாகும். புயற்காலத்தே கடல்மட்டம் உயர்வதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது காற்று. அது கடற்பரப்பின் நீரைக் கரைநோக்கித் தள்ளுகின்றது. கரையை அடுத்த கடல் ஆழங்குறைந்ததாயின், தள்ளப்பட்ட நீர் அடியில் மீண்டு செல்ல இடமின்றி மேலெழும்புகின்றது. இரண்டாவது காற்றழுத்தக் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறையின் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். மூன்றாவது ஓதம். புயல் கரையேறும் வேளையும் ஓதம் ஏறிய வேளையும் ஒன்றாயின் தீமை இரட்டிக்கும். இங்ஙனம் உயர்ந்து நிற்கும் நீரின் முதுகின்மேல் அலைகள் ஏறி வருகின்றன. ஆழிப்பேரலை இதனின் வேறானது. கடலடி நிலம் பெயர்வதாற் பிறந்து, புயற்குறி எதுவுமின்றியே வருவது.

இவற்றை எதிர்க்கும் அமைப்புகளும் ஒரு தன்மையன அல்ல. செங்குத்தான சுவர் அலையை அறைந்து திருப்பும். திருப்பப்பட்ட அலை சுவரின் அடியிலுள்ள மணலை வாரிச் செல்லும். அடி அரிப்புண்ட சுவர் ஒரு நாள் சாயும். சாய்தளமும் படிக்கட்டும் அலையை ஓட விட்டு அதன் வேகத்தைக் குறைக்கும். கருங்கற் குவியல் தன் இடுக்குகளில் அலையை வாங்கி அடக்கும். மணற்குன்றோ தன்னையே சிறிது சிறிதாக அலைக்குக் கொடுத்து ஊரைக் காக்கும். புயல் நீங்கிய பின் காற்றும் அலையும் அம்மணலின் ஒரு பகுதியை மீளக் கொணர்ந்து சேர்க்கும். இவற்றுள் சாய்தளம், படி, மணற்குன்று ஆகிய மூன்றும் மக்கள் ஏறவும் அமரவும் உலாவவும் ஏற்றன என்பதை நோக்குக. அலைக்கு இணங்கிய வடிவே மக்களின் காலுக்கும் பெரும்பாலும் இணங்குகின்றது. இரு பயனையும் ஒருங்கே பெறலாம் என்னும் நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

கால்வெஸ்டன்: அழிவுக்குப் பின் எழுந்த மதில்

ஐக்கிய அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் மாநிலத்திலே மெக்ஸிகோ வளைகுடாவை நோக்கிக் கிடக்கும் நீண்ட மணல்தீவொன்றின்மேல் அமைந்தது கால்வெஸ்டன் நகரம். 1900-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 38,000 பேர். நகரின் மிக உயர்ந்த நிலமும் கடல்மட்டத்திற்கு ஒன்பதடிக்கு மேற்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் வந்த புயலில் நீர் பதினைந்தடிக்கு மேல் எழுந்தது. ஆறாயிரத்திற்கும் எண்ணாயிரத்திற்கும் இடைப்பட்ட மக்கள் மாண்டனர் என்பது பலரும் கொள்ளும் கணக்கு. அதனினும் மிகுதியென்பாரும் உளர்.

நகரைக் கைவிட்டுச் செல்லாமல் காக்கத் துணிந்த மக்கள் ஹென்றி ராபர்ட், ஆல்பிரட் நோபிள், ரிப்ளி என்னும் மூன்று பொறியாளரைக் கொண்ட குழுவொன்றை அமைத்தனர். அவர்கள் 1902-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தந்த திட்டம் இரு பகுதிகளையுடையது. ஒன்று, 17 அடி உயரமும் மூன்று மைலுக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட காங்கிரீட்டு மதில். அதன் அடிப்பகுதி 16 அடி அகலம், உச்சி 5 அடி அகலம். கடல்நோக்கிய முகம் உள்வளைந்து, மோதும் அலையை மேல்நோக்கித் திருப்புவது. மற்றொன்று, நகரின் நிலத்தையே உயர்த்துவது. மதிலின் முதற்பகுதி 1904-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்கு வேண்டிய பொருளுக்காக விற்ற கடன்பத்திரங்களை மிகுதியும் அவ்வூராரே வாங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

நிலத்தை உயர்த்திய பணி 1911-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. ஏறக்குறைய 2,000 கட்டடங்களைத் திருகு தூக்கிகளால் மேலெழுப்பி, அவற்றின் அடியில் 1½ கோடிக் கன கஜத்துக்கு மேற்பட்ட மணலை நீரோடு கலந்து பாய்ச்சினர். ஏறத்தாழ 3,000 டன் நிறையுள்ள புனித பாத்ரிக் ஆலயத்தை 700 திருகு தூக்கிகளைக்கொண்டு ஐந்தடி உயர்த்தினர். மணலை நிரப்பும் செலவு பொதுப்பணத்தைச் சார்ந்தது. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்குரியவரைச் சார்ந்தது. உப்பு மணல் மூடியதால் நகரின் மரங்களும் தோட்டங்களும் பட்டுப்போயின. மக்கள் பல ஆண்டுகள் பலகைப் பாலங்களின்மேல் நடந்து திரிந்தனர். 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், முன்னதற்கு நிகரான புயல் மீண்டும் வந்தது. மதில் நின்றது; நகரினுள் மாண்டோர் மிகச் சிலரே.

இம்மதிலின் உச்சியை ஒட்டி அமைந்த சாலை நாளடைவில் நகரின் உலாவுசாலையாயிற்று. மதில் பின்னர்ப் பத்து மைல் அளவு நீண்டது. மாலைதோறும் மக்கள் கூடும் இடமும் அதுவே. ஆயினும் இரண்டு குறைகள் காலப்போக்கில் வெளிப்பட்டன. மதிலின் முன்னிருந்த மணற்பரப்பு குறுகியது. அதனை மீட்பதற்குக் கடலுள் நீளும் கற்கரைகளை 1930-களின் பிற்பகுதியிற் கட்டினர். பின்னர்க் கடலடி மணலை வாரிக் கரையில் இடவும் நேர்ந்தது. மற்றையது, 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐக் என்னும் புயல் வந்தபோது மதில் முன்புறத்தே நின்று காத்தது. நீரோ தீவின் பின்புறத்து உள்ளமைந்த குடாவின் வழியே நகருக்குள் புகுந்தது. முன்வாயிலை அடைத்துப் பின்வாயிலைத் திறந்து வைத்தாற்போன்றது அந்நிலை. காப்பு என்பது ஒரு கோடன்று, ஒரு வட்டம் என்னும் பாடத்தை இதனால் உணர்கின்றோம்.

காட்வைக்: மணலுக்குள் மறைந்த அணை

ஒல்லாந்தர் நாட்டு வரலாறு முழுவதும் கடலோடு நிகழ்த்திய வழக்கேயாகும். 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு வந்த வடகடல் வெள்ளத்தில் அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் அந்நாட்டினர் தம் கரை முழுவதையும் அளந்து, நலிந்த இடங்களைக் கண்டு, ஒவ்வொன்றாக வலியுறுத்தி வருகின்றனர். அத்தகைய நலிந்த இடங்களுள் ஒன்று காட்வைக் என்னும் ஊர். இது, ‘லெய்டன் செப்பேடுகள்’ என்னும் பெயரால் தமிழறிஞர் அறிந்த அந்த லெய்டன் நகருக்கு அண்மையில், பழைய ரைன் ஆற்றின் முகத்துவாரத்தே உள்ளது. முற்காலத்தில் அடிதட்டையான படகுகளை மணலின்மேல் ஏற்றி நிறுத்தி மீன்பிடித் தொழில் நடத்திய ஊர் அது. நம் கட்டுமரத் துறைகளின் இயல்பை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.

இவ்வூரின் ஒரு பகுதி காப்புக் கரைக்கு வெளிப்புறத்தே, கடல்நோக்கி நின்றது. அங்கு வாழ்ந்த மக்களையும் காப்பிற்குள் கொணர வேண்டும். பெரிய மதிலொன்றை எழுப்பியிருந்தால் அது முடிந்திருக்கும். ஆனால் கடலைப் பார்த்தபடி வாழ்ந்தவர் மதிலைப் பார்த்தபடி வாழ நேர்ந்திருக்கும். மணற்குன்றை மட்டும் அமைப்பதாயின் அதனை மேலும் உயர்த்தி அகலப்படுத்த வேண்டியிருக்கும். ஆகவே பொறியாளர் இரண்டையும் கூட்டினர். 2013-ஆம் ஆண்டு தொடங்கி 2015-ஆம் ஆண்டில் முடித்த அவ்வேலையில், கல்லணையை உள்ளே வைத்து அதன்மேல் மணற்குன்றைப் போர்த்தனர். சிறு புயல்களை மணலே தாங்கும். பதினாயிரம் ஆண்டிற்கு ஒருமுறை நேரத்தக்கதெனக் கணித்த பெரும்புயலில் மணல் அரிபட்டாலும் உள்ளிருக்கும் அணை நின்று காக்கும். உள்ளே அணை இருப்பதால் வெளியே குன்று தாழ்ந்திருக்கலாம். குன்று தாழ்ந்தமையால் கடற்காட்சி மறையவில்லை.

இன்னும் ஒன்றுண்டு. கோடைக்காலத்தில் கரைக்கு வருவோரின் வண்டிகள் ஊரை அடைத்துக்கொண்டிருந்தன. அணைக்கும் ஊருக்கும் இடைப்பட்ட நிலத்திலே, அதே குன்றின் அடியில், 663 வண்டிகள் நிற்கத்தக்க நிலத்தடிக் கூடமொன்றை அமைத்தனர். இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டுவது ஒன்று: கூடம் அணையின் உறுப்பன்று. அணை தனித்து நிற்பது. கூடம் அதன் பின்னே தனித்து நிற்பது. நாளைக்குக் கூடம் பழுதுற்றாலும் அணை பழுதுறாது. இரு பயனை ஓரிடத்தில் வைத்தல் வேறு, ஒன்றை மற்றொன்றின் வலிமையை நம்பி நிற்கச் செய்தல் வேறு. முன்னது அறிவுடைமை, பின்னது இடர்.

குன்றின்மேல் ஏறியிறங்கும் பாதைகள் அமைத்து, மணலைப் பிடித்து நிறுத்தும் புல்லையும் நட்டனர். பாதை மதிலைத் துளைத்துச் செல்லாமல் மேட்டின்மேல் ஏறிச் செல்லுமாயின் அதற்குச் சிறப்பொன்று உண்டு. மதிலில் வாயில் வைத்தால் புயல் வருமுன் அதனை அடைக்க ஓர் ஆள் வேண்டும். அவ்வாள் விழித்திருக்க வேண்டும். கதவின் கீல் துருப்பிடியாதிருக்க வேண்டும். ஏறியிறங்கும் சரிவிற்கு இவையொன்றும் வேண்டா. அது திறந்திருந்தும் அடைத்திருப்பது.

நியூயார்க்: மக்களைக் கேட்டலும் கேளாமையும்

2012-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஸாண்டி என்னும் புயல் நியூயார்க் நகரைத் தாக்கியது. மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் சுரங்க இரயிற்பாதைகளில் நீர் புகுந்தது. கீழ்க்கரையிலிருந்த மின்நிலையம் பழுதுற்று, தீவின் தென்பாதி பல நாட்கள் இருளில் மூழ்கியது. மறு ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் கரையைக் காக்கும் திட்டங்களுக்கென்று போட்டியொன்றை நடத்தியது. அதில் தேர்வுற்றவற்றுள் ஒன்று, தீவின் தென்பகுதியைச் சுற்றி வளைந்து செல்லும் காப்பு வரிசை. மதிலாக மட்டும் நில்லாமல், இடத்திற்கேற்பப் பூங்காவாகவும் இருக்கையாகவும் விளையாட்டுத் திடலாகவும் உருமாறிச் செல்வது. 2014-ஆம் ஆண்டில் அதன் முதற்பகுதிக்கு 33½ கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

அம்முதற்பகுதி அமைய வேண்டிய இடம் கிழக்காற்றுப் பூங்கா. 1939-ஆம் ஆண்டில் திறந்த இப்பூங்காவை அடுத்து வாழ்வோருள் அரசாங்கக் குடியிருப்புகளில் வசிக்கும் எளிய மக்கள் பலர். அவர்களுக்கு வேறு நிழல் அண்மையில் இல்லை. நான்காண்டுக் காலம் அம்மக்களோடு பல கூட்டங்கள் நடத்தி, பூங்காவின் நகர்ப்புற ஓரத்தில் மேடு அமைத்து, பூங்காவை வெள்ளம் வந்து போகும் நிலமாக விடுவதென்று கருதியிருந்தனர். 2018-ஆம் ஆண்டில் நகராட்சியார் அக்கருத்தை மாற்றினர். பூங்கா முழுவதையும் எட்டடி முதல் பத்தடி வரை மணலிட்டு உயர்த்தி, காப்பை ஆற்றோரத்திற்குக் கொண்டு செல்வதென்று முடிவு செய்தனர். நெடுஞ்சாலையை ஒட்டி இரவில் வேலை செய்யும் இடர்ப்பாடு குறையும், வேலை விரைவில் முடியும், பூங்காவும் வெள்ளத்தினின்று தப்பும் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். அதற்காக ஆயிரத்திற்குச் சற்றுக் குறைந்த மரங்கள் வெட்டப்பட வேண்டியிருந்தன.

மக்கள் கொதித்தெழுந்தனர், வழக்காடினர், மரங்களின் அருகே நின்று மறித்தனர். பூங்காவைப் பகுதி பகுதியாக மூடி வேலை செய்வதென்றும், வெட்டியவற்றினும் மிகுதியான மரங்களை நடுவதென்றும் நகராட்சியார் இசைந்தனர். 145 கோடி டாலர் மதிப்பிட்ட அப்பணி 2.4 மைல் நீளத்தில், ஒரு இலட்சத்துப் பதினாயிரம் மக்களைக் காக்கும் நோக்கத்தோடு தொடங்கியது.

எந்தத் திட்டம் சிறந்தது என்னும் வழக்கிற்கு நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. பொறியாளர் கூறிய காரணங்கள் வெறுஞ்சொற்கள் அல்ல. வெள்ளம் வந்தால் முதலில் இருளில் மூழ்குவோரும் அவ்வெளிய மக்களே. ஆனால் நான்காண்டு பேசிக் கண்ட முடிவை, பேசியவரை மீண்டும் அழையாமல் மாற்றியதனால் விளைந்த ஐயம், மணலாலும் கல்லாலும் நிரப்பற்கரியது. மரம் வளர முப்பதாண்டு செல்லும். நம்பிக்கை வளர அதனினும் மிகுதியாகலாம். கால்வெஸ்டனில் தோட்டங்கள் பட்டபோது மக்கள் பொறுத்தனர். அழிவை அவர்களே கண்டவர், கடன்பத்திரத்தை அவர்களே வாங்கியவர், முடிவும் அவர்களுடையதே. பொறுமைக்குக் காரணம் இழப்பின் சிறுமையன்று, முடிவின் உரிமை.

மதில் மறைக்கும் கடல்

காப்பு உயர்ந்தால் அச்சம் நீங்கும் என்பது உண்மை; அச்சத்தோடு விழிப்பும் நீங்குதல் உண்டு. ஜப்பானில் தாரோ என்னும் கரையூர் 1896-ஆம் ஆண்டிலும் 1933-ஆம் ஆண்டிலும் ஆழிப்பேரலையால் அழிந்தது. அதன்பின் அங்குப் பத்து மீட்டர் உயர மதில்கள் படிப்படியாக எழுந்தன. அவற்றின் மொத்த நீளம் 2.4 கிலோமீட்டர். அவற்றைக் காண வேற்று நாட்டினரும் வந்தனர். 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் வந்த அலை அம்மதிலைத் தாண்டியது. ஒரு பகுதியை உடைத்தும் விட்டது. மதிலின் பின்னிருந்தோர்க்கு வருகின்ற அலை கண்ணிற்படவில்லை. மதிலை நம்பி ஓடாதிருந்தோரும் உளர். அதன்பின் அக்கரையோரத்தில் இன்னும் உயரமான மதில்கள் எழுந்தபோது, கெசென்னுமா முதலிய இடங்களில் மதிலினிடையே கண்ணாடி போன்ற சிறு பலகணிகளை வைத்தனர். மக்களுக்குக் கடல் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கடலை நாள்தோறும் காண்பவன் அதன் குணத்தை அறிவான். அதன் வேற்றுமையை முதலில் உணர்பவனும் அவனே. ஆதலின் காட்சி என்பது வெறும் இன்பத்திற்குரியதன்று. அதுவும் காப்பின் ஓர் உறுப்பு. எந்த மதிலும் மக்களுக்குத் தப்பியோடும் காலத்தைத் தேடித் தருவதேயன்றி, ஓட்டத்திற்கு ஈடாவதன்று. கரைமேலேறும் படியும் பாதையும் மாலையில் உலாவ உதவுவன. ஊரின் பின்னே மேட்டு நிலத்திற்குச் செல்லும் பாதையோடு அவற்றை இணைத்து விட்டால், ஆபத்துக் காலத்தில் மக்கள் கால் பழகிய வழியிலேயே ஓடுவர்.

நம் கரை

இனி நம் கரையை நோக்குவோம். புதுச்சேரியின் கடற்கரைச் சாலை, கருங்கற் காப்பும் ஊர்ப் பொதுவிடமும் ஒன்றாயமைந்ததற்கு நம் கண்முன் நிற்கும் சான்று. ஒருபுறம் அலை கல்லில் மோதும். மறுபுறம் மாலை தொடங்கி மறுநாட் காலை வரை வண்டிகளை நிறுத்தி வைத்த சாலையில் முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடப்பர். ஆனால் அக்கற்களின் முன் முற்காலத்தில் மணற்பரப்பும் இருந்தது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பெயர்ந்துகொண்டே இருக்கும். ஊருக்குத் தெற்கே 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்திற்கென்று அலைதடுப்புக் கரைகள் எழுந்தன. மணல் அவற்றின் தென்புறத்தே தங்கியது. வடபுறத்தே கரை தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் கல்லைக் கொட்டினர்; தேய்வு அதற்கும் வடக்கே நகர்ந்து, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் முதலிய மீனவர் ஊர்களையும், எல்லை கடந்து தமிழ்நாட்டுக் குப்பங்களையும் அடைந்தது. 2018-ஆம் ஆண்டையொட்டித் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் கரைக்கப்பால் நீரினுள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின்னரே நகரின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேரலாயிற்று.

சென்னையிலும் இதே மணல் வேறொரு விளையாட்டை ஆடியது. ஆளுநராயிருந்த கிராண்ட் டப் 1880-களின் நடுவில் மெரினா உலாவுசாலையை அமைத்தார். 1870-களில் தொடங்கிய துறைமுகத்தின் கரங்கள் தெற்கே மணலைத் தடுத்துச் சேர்த்தமையால் அச்சாலையின் முன் இன்றைய பரந்த கடற்கரை வளர்ந்தது. வடக்கே இராயபுரம் முதலிய இடங்களிலோ கரை அரிப்புண்டது. தெற்கே கிடைத்த உலாவிடத்திற்கு வடக்கே உள்ளவர் விலை கொடுத்தனர் என்று கூறினும் பொருந்தும். ஓரூரின் காப்பு மற்றோரூரின் அழிவாகுமாயின் அதனைக் காப்பென்று அழைத்தல் முறையன்று.

இன்னொரு செய்தியை இங்கே மறத்தலாகாது. கரையில் பொதுவிடம் அமைப்போம் என்பார், அது முன்னரே பொதுவிடம் என்பதை மறந்து விடுகின்றனர். வள்ளம் ஏற்றுதல், வலை உலர்த்துதல், வலை செப்பனிடுதல், மீன் ஏலமிடுதல், கருவாடு காய வைத்தல், மாலையில் கூடி ஊர்வழக்குப் பேசுதல் ஆகிய அனைத்தும் மீனவர்க்கு அம்மணலின்மேலேயே நிகழ்கின்றன. செங்குத்தான கற்குவியலின்மேல் வள்ளத்தை ஏற்றுதல் இயலாது. உலாவ வருவார்க்கு இருக்கை போட்டு, உழைக்கின்றவர்க்குத் துறையை அடைத்தால், அது பொதுவிடமாகாது. கைமாறிய இடமே ஆகும். தூண்டில் வளைவு வேண்டுமென்று குப்பத்தார் கேட்கும் ஊர்களும் உண்டு. அதனால் வடக்கேயுள்ள அடுத்த குப்பம் கரையிழக்குமோ என்று அஞ்சும் ஊர்களும் உண்டு. ஆதலின் கரையின் திட்டத்தை ஓரூரை மட்டும் கேட்டு வகுத்தலும் போதாது.

திரண்ட பொருள்

இதுகாறும் கூறியவற்றை ஐந்தாகத் தொகுத்துக் கூறுவோம். ஒன்று: காப்பின் உயரத்தையும் மக்களின் பயனையும் ஒரே நாளில், ஒரே தாளில் வரைதல் வேண்டும். இரண்டு: கூடிய மட்டும் அலைக்கு இணங்கிய சரிவையும் படியையும் மணற்குன்றையும் தேர்தல் வேண்டும், நம் கரையில் இராவணன் மீசை என்னும் புல்லும் அடும்பங்கொடியும் மணலைப் பிடித்து நிறுத்தும் இயற்கைப் பணியாளர். மூன்று: இன்பத்திற்கென்று சேர்த்த எதுவும் காப்பின் வலிமையைக் குறைக்கலாகாது. நான்கு: முன்னும் பின்னும் பக்கமும், அயலூரின் மணலும் கணக்கில் வருதல் வேண்டும். ஐந்து: கரையில் வாழ்வோரைத் தொடக்கத்திலும், திட்டம் மாறும்போதும், முடிந்த பின்னும் கேட்டல் வேண்டும்.

இவை புதிய கருத்துக்கள் அல்ல. நம் நாட்டு ஏரிக்கரையை நினைமின். அது நீரைத் தடுப்பது, ஊர்வழியும் அதுவே. அதன்மேல் பனையும் ஆலும் நிழல் தரும். ஐயனார் கோயில் இருக்கும். மாடு மேய்ப்பவனும் சந்தைக்குச் செல்பவளும் நாள்தோறும் அதன்மேல் நடப்பர். எங்கேனும் நண்டுவளையால் நீர் கசிந்தால் முதலிற் கண்டு சொல்பவர் அவர்களே. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்தைப் பற்றிப் படிக்கின்றோம். குடிமராமத்து என்னும் சொல்லையும் கேட்டிருக்கின்றோம். ஒல்லாந்து நாட்டிலும் காட்வைக் அடங்கிய ரைன்லாந்துப் பகுதியின் நீர்வாரியம் 13-ஆம் நூற்றாண்டு முதல் நிலைபெற்று, மக்களிடம் வரி வாங்கிக் கரையைக் காத்து வருகின்றது. மக்கள் நடக்கும் கரையை மக்கள் காப்பர். மக்கள் காணாத மதில் ஒருவர்க்கும் உரியதன்று. பழுதடைந்தாலும் கேட்பாரின்றிக் கிடந்து, கடல் வரும் நாளிலே தன் குறையை வெளிப்படுத்தும்.

கடல்மட்டம் உலகெங்கும் உயர்ந்து வருகின்ற இக்காலத்தில் கரையூர்களில் இன்னும் பல சுவர்கள் எழும். அவற்றை அளப்பவராகவும், பொருள் ஒதுக்குபவராகவும், கூட்டங்களில் அமர்ந்து கேட்பவராகவும் நம் மாணவருட் பலர் வருங்காலத்தில் இருப்பர். பொறியியல் கற்போர் அலையின் கணக்கை மட்டுமின்றி மணலின் போக்கையும் கற்க. பொருளியல் கற்போர் செலவைக் கணக்கிடுங்கால் வள்ளத்துறையின் விலையையும் சேர்த்து எண்ணுக. இலக்கியம் கற்போர் நெய்தல் நிலத்தை ஏட்டில் மட்டும் காணாது, விடுமுறையில் ஒரு குப்பத்திற்குச் சென்று, புயல் வந்தால் இவ்வூரார் எவ்வழியே ஓடுவர் என்று கேட்டு எழுதிக் கொணர்க. அவ்வொரு வினாவிற்கு விடை கிடைக்குமாயின், அவ்வூர்க்கு எத்தகைய கரை வேண்டும் என்பதிற் பாதி விளங்கிவிடும்.